நான்கில் ஒரு புள்ளி

பட்டியலில் அந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் இந்துஜாவுக்கு முதலில் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. நேற்று மாலை டீம் லீட் முகுந்தன் கேட்டது பெயர், ஊர், எடுத்த படங்கள் எத்தனை, அதில் தெளிவில்லாதவை எத்தனை, அவ்வளவுதான். அவள் எடுத்துக் கொடுத்தாள், அவர் அதை டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அங்கிருந்து நன்றி என்று பதிலும் வந்துவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடி வைத்துவிட்டு, பட்டியல் ஏனோ அரைகுறையாக இருக்கிறது என்று பட்டதால் அவளாகத்தான் போன் மாடல் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துப் பார்த்தாள். பதினான்கு பெயர்கள். பதினான்குக்கும் நேராக ஒரே மாடல். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள், கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள், எங்கேயாவது ஒன்று மாறியிருக்கக் கூடாதா என்று பார்த்தாள். மாறவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் படம் எடுத்து அனுப்புகிற அறுபத்தொரு பெண்களில், சொந்தமாக நல்ல போன் இல்லாத பதினான்கு பேருக்கு டிரஸ்ட்டே வாங்கிக் கொடுத்த போன் அது. மலிவான போன், இரண்டு ஜிபி மெமரி. அந்தப் பதினான்கு பேரின் படங்கள்தான் மங்கல். அந்தப் பதினான்கு பேரை மாற்றிவிட்டு வேறு ஆள் போடலாமா என்று முடிவு செய்யத்தான் பதினொரு மணிக்கு மீட்டிங். மணி பத்து இருபது. எதிர்ச் சுவரில் ஏசி விட்டு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே யாரோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்திருந்தார்கள், அந்தச் சத்தத்தை அவள் எண்ண ஆரம்பித்து, ஒன்பதில் விட்டாள். காரணம் என்ன என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டத்தைப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள், அதையும் அவளே கவனித்தாள்.

போனில் ஒரு படம் மூன்று எம்பி என்று காட்டும். அது மடித்து வைத்திருக்கும் அளவு. திரையில் காட்ட வேண்டுமென்றால் போன் அதை விரித்தாக வேண்டும். விரித்தால் குறுக்கே நாலாயிரம் புள்ளி, நெடுக்கே மூவாயிரம் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பைட், மொத்தம் நாற்பத்தெட்டு எம்பி. மடித்தால் மூன்று, விரித்தால் நாற்பத்தெட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ இதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனபோது எல்லோரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள், ஆனால் அவளுக்குப் புரிந்தது வீட்டுக் கொசுவலையை வைத்துத்தான். திருப்பூரில் அவர்கள் இருந்த லைன் வீட்டில் அப்பா ஒருமுறை கூடாரம் மாதிரி விரிகிற கொசுவலை வாங்கி வந்தார். மடித்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். கிளிப்பைத் தட்டியதும் பட்டென்று எழும்பி நின்று, சமையல் மேடையையும் தையல் மிஷினையும் இடித்துக்கொண்டு அறை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அம்மா கதவுப் பக்கம் ஒட்டி நின்றபடி, நாம வெளியே படுத்துக்கலாம், கொசுவலை உள்ளே தூங்கட்டும் என்றாள். மலிவான போனும் அப்படி ஒற்றை அறை. ஒவ்வொரு ஆப்புக்கும் இவ்வளவு இடம் என்று அளந்துதான் கொடுக்கும்; இரண்டு படம் விரிந்தால் மூச்சு முட்டும், மூன்றாவது படத்துக்கு ஆப் தானாகச் செத்துவிடும். செத்துக்கொண்டுதான் இருந்தது. மார்கழி மாதம் முழுக்க அந்தப் பதினான்கு பேரும் ஆப் மூடிக்கொள்கிறது, எடுத்த படம் காணவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்துஜாதான் சரிசெய்தாள். படத்தை முழுதாக விரிக்காதே என்று ஆப்புக்குச் சொன்னாள். குறுக்கே நான்கு புள்ளிக்கு ஒரு புள்ளி, நெடுக்கேயும் நான்குக்கு ஒன்று, அவ்வளவு மட்டும் எடு. நாற்பத்தெட்டு எம்பி மூன்றாகிவிடும். கைப்பேசித் திரை சின்னது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எல்லோரும் செய்கிற வேலைதான், புத்தகத்தில் இருக்கிற வேலைதான். மெமரி குறைவான போனாக இருந்தால் மட்டும் இப்படிச் செய், நல்ல போனில் முழுப் படத்தையே காட்டு என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். மறுவாரம் ஆப் செத்துப்போகிற கணக்கைக் காட்டும் கோடு சரிந்து தரையைத் தொட்டது. முகுந்தன் அந்தக் கோட்டைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டு, இந்துஜா கலக்கிட்டாங்க என்று எழுதினார். அவள் அதை அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மாவுக்கு என்ன கோடு, ஏன் இறங்குகிறது என்று தெரியாது, இறங்குவது நல்லதா என்று கேட்டாள், நல்லதுதான் என்று சொன்னதும் இரண்டு பூங்கொத்து போட்டாள்.

தவறு அங்கே இல்லை. அங்கே மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கு அவள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்திருப்பாள். படத்தை விரிக்கிற வேலையை ஆப்பில் இரண்டு இடத்தில் செய்தார்கள். ஒன்று, திரையில் காட்டும்போது. இன்னொன்று, அனுப்புவதற்கு முன்னால் படத்தின் மூலையில் நோயாளி எண், தேதி, ஊர் மூன்றையும் பதிக்கும்போது. பதித்ததும் அதே கோப்பின் மேலேயே திரும்பச் சேமித்துவிடும். இரண்டு இடத்தில் எதற்கு எழுத வேண்டும், ஒரே இடத்தில் எழுதி இரண்டு வேலைக்கும் அதையே கூப்பிட்டுக்கொண்டால் போகிறது என்று அவள்தான் நினைத்தாள். கல்லூரியில் நல்ல மாணவிக்கு அடையாளமாகச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. ஒரே இடத்தில் எழுதினாள். அன்றிலிருந்து காட்டுகிற படம் மட்டுமல்ல, அனுப்புகிற படமும் நான்கில் ஒரு புள்ளிதான். பதினாறு புள்ளிகளில் பதினைந்தை எறிந்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை மறுபடி இறுக்கி மடித்து, மேலே அழகாகத் தேதியும் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது ஆப். அங்கே டாக்டர் பெரிய திரையில் வைத்து, விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா, புண்ணின் ஓரம் கறுக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால், தெரிவது பிசைந்த களி மாதிரி ஒரு நிறம். மூலப்படம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போனில் இடம் நிரம்பிவிடுகிறது என்று புகார் வந்ததால், அனுப்பி முடித்ததும் படத்தை அழித்துவிடச் சொல்லி எழுதியிருந்தது. அதை எழுதியது யார் என்று பார்க்க ஒரு பொத்தான் உண்டு. ஆப்பின் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் எழுதியவர் பெயரும் தேதியும் சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். அவள் அந்தப் பொத்தானை அழுத்தினாள். யார் பெயர் வரும் என்று தெரிந்தேதான் அழுத்தினாள், இருந்தாலும் வேறு ஏதாவது பெயர் வருமோ என்று ஒரு கேவலமான ஆசை விரல் நுனியில் இருந்தது. இந்துஜா, இந்துஜா, இந்துஜா என்று வரிசையாக வந்தது. ஏழு வாரம். மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் படம். இதில் எத்தனை காலில் அந்த ஏழு வாரத்தில் புண் வளர்ந்திருக்கும் என்று எண்ணத் தொடங்கிய மூளையை அவள் பிடித்து நிறுத்தினாள், அது நிற்காமல் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

எல்லாவற்றையும்விடக் குத்தியது பூங்கொடியின் குரல்தான். பட்டியலில் ஆறாவது பெயர் பூங்கொடி, தாராபுரம் பக்கம் ஒரு ஊர். மூன்று வாரத்துக்கு முன்னால் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள், அன்றைக்கு அந்த எண்ணைக் கவனிக்கிற முறை இந்துஜாவுடையது. வணக்கமுங்க மேடம் என்று ஆரம்பித்தாள். வயதைப் பார்த்தால் இவளுக்குச் சித்தி முறை ஆவாள், குரலிலேயே தெரிந்தது, ஆனாலும் மேடம். படம் தெளிவா இல்லைன்னு சூப்பர்வைசர் சத்தம் போடறாங்க, என்ன பண்றதுன்னு தெரியலீங்க என்றாள். கேமராக் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துத்தான் எடுப்பாளாம், நோயாளியை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் உட்காரவைத்துத்தான் எடுப்பாளாம், ஆனால் சூப்பர்வைசர் வந்து அதே வீட்டில், அதே காலை, தன் போனில் எடுத்தால் பளிச்சென்று விழுகிறதாம். அந்த இடத்தில் இந்துஜா நின்றிருக்க வேண்டும். அதே வீடு, அதே கால், வேறு போன். இதைவிடத் தெளிவாக யார் வந்து சொல்வார்கள்? அவள் அதைக் கேட்டாள், ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை, ஏனென்றால் எதிரில் ஒட்டியிருந்த தாளில் படம் மங்கலாக இருந்தால் சொல்ல வேண்டியவை என்று நான்கு வரிகள் இருந்தன, கண்கள் அதில் இருந்தன. கேமராவைத் துடைத்தீர்களா, சரி. வெளிச்சம், சரி. மூன்றாவது வரிக்கு வந்து, உங்க கை ஆடுதுன்னு நினைக்கிறேங்க என்றாள்.  அப்புறம் பூங்கொடி, ஆடுதுங்களா என்று கேட்டாள். கேட்டது இவளை இல்லை, தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. இருக்குமுங்க, காலையில சாப்பிடாம ஓடியாந்தர்றேன், அதனால இருக்கும் என்று அவளே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து இவள் கையில் கொடுத்தாள். இவள் அதை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுட்டுப் போங்க, ரெண்டு கையால பிடிங்க என்று சொல்லி, சிக்கல் தீர்ந்தது என்று குறித்து மூடினாள். தீர்ந்தது. அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் காதுமடல் சுட்டது. ஒருவர் சண்டை போட்டிருந்தால் தேவலை. என் கை ஆடவில்லை, உன் ஆப்பைப் பார் என்று கத்தியிருந்தால் இவள் எரிச்சலிலாவது பார்த்திருப்பாள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒருத்தி தன் கையையே சந்தேகப்பட்டாள். படித்தவர்கள் என்றால் யார்? நான்தான். வீட்டில் முதல் டிகிரி. அம்மா பேங்கில், ரேஷன் கடையில், பள்ளிக்கூட ஆபீசில் யாரிடம் பேசினாலும் இதே குரலில்தான் பேசுவாள், இதே மேடம்தான் போடுவாள்; பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் இந்துஜாவுக்குக் கோபம் வரும், எதற்கு இப்படிக் குழைகிறாய் என்று. அந்தக் குழைவு இன்னொரு குரலில் தன்னிடமே வந்தபோது அவளுக்குக் கோபமே வரவில்லை, வசதியாக இருந்தது. அது இப்போதுதான் உறைத்தது.

மேசை இழுப்பறையில் அதே மாடல் போன் ஒன்று சோதனைக்காகக் கிடந்தது. எடுத்துச் சார்ஜில் போட்டு ஆப்பைத் திறந்து, ஆஸ்பத்திரிக்குப் போன படங்களை இறக்கி ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தாள். போன் எங்கும் திணறவில்லை, வழுக்கிக்கொண்டு போனது, அவள் எழுதியது அவ்வளவு நன்றாக வேலை செய்தது. கால்கள். சிமெண்ட் தரையில் வைத்த கால், மணையில் வைத்த கால், மெட்டி இறுகிப்போன கால், கட்டைவிரல் இல்லாத கால், மருதாணி கரைந்த நகங்கள், ஒரு படத்தில் காலோடு சேர்ந்து ஒரு கோழியின் பாதி. யாரோ காலைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் காட்டியிருக்கிறார்கள். ஊரில் ஒருவர் தன் காலை இன்னொருத்திக்கு நீட்டிக் காட்டுவது லேசில் நடக்கிற காரியம் இல்லை; காலை நீட்டுகிறோமே என்று சங்கடப்பட்டுக்கொண்டு, மன்னிச்சுக்கம்மா என்று சொல்லித்தான் நீட்டியிருப்பார்கள், இப்படிக் கொஞ்சம் திருப்புங்க என்று தரையில் குந்தித்தான் எடுத்திருப்பார்கள். சின்னத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. அதுதான் அவளை ஏமாற்றியது. இரண்டு விரலை வைத்து அகற்றினாள், புண் இருக்கிற இடம் சதுரம் சதுரமாக உடைந்தது. இந்த இரண்டு விரலை ஏழு வாரத்துக்கு முன்னால் ஒருமுறை, ஒரே ஒருமுறை வைத்திருந்தால் போதும். பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனபோது சோதித்தாளே. அம்மாவின் போனும் இதே மாடல்தான். ஆப்பை அதில் ஏற்றி, அம்மாவின் காலையே முப்பது படம் எடுத்து, மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்து, சாகவில்லை சாகவில்லை என்று சந்தோஷப்பட்டாள். அம்மா காலை இழுத்துக்கொண்டு, வெடிப்பா இருக்குது அம்மிணி, இதையெல்லாம் ஆபீசுல காட்டாதே என்றாள். வெடிப்பை அவள் பார்க்கவில்லை. ஆப் சாகிறதா என்று மட்டும் பார்த்தாள். மணி பத்து முப்பத்தைந்து. வாய் காய்ந்திருந்தது, தண்ணீர் குடிக்க எழுந்தவள் பாட்டில் மேசையிலேயே இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. காட்டுவதற்கும் அனுப்புவதற்கும் தனித்தனியாகப் பிரித்து எழுத அரை மணி நேரம் போதும். நாளைக்குப் புதிய ஆப் போய்விடும், படங்கள் பளிச்சென்று வரத் தொடங்கும், புது ஆட்கள் வந்ததால்தான் சரியாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இதைவிடப் பொருத்தமாக யாராலும் திட்டம் போட முடியாது, அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியது. புரொபேஷன் இன்னும் ஐந்து வாரம். இந்த வேலை போனால் அப்பா தெருவில் எப்படி நடப்பார் என்று மனதில் ஒரு படம் வந்தது, அவர் நடந்துகொண்டே இருந்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் மோசமாக இருந்தது.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் பார்த்து, சரியாக இருந்தால் உள்பக்கம் தன் எண் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். அம்மாவின் எண் இருபத்தேழு. சின்ன வயதில் இந்துஜாவின் நோட்டுப் புத்தகமெல்லாம் இருபத்தேழு ஒட்டியிருக்கும். ஒரு தடவை ஒரு லாட் துணி முழுக்கக் குறையோடு திரும்பி வந்தது. எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அம்மாவின் ஸ்டிக்கர் தீர்ந்துபோய், பக்கத்து மேசைக்காரியிடம் ஒரு சுருள் வாங்கி ஒட்டியிருந்தாள். எல்லோரும் அப்படி மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வதுதான். வந்த துணியில் இருந்தது அந்தப் பக்கத்து மேசைக்காரியின் எண். அவளை நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்து அனுப்பியது தான்தான் என்று அம்மா சொல்லவில்லை. இதை அம்மா ஒரு சனிக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், அழவில்லை, நியாயமும் பேசவில்லை, அப்ப நீ பன்னெண்டாவதுடி என்று மட்டும் சொல்லிவிட்டு, காம்பைக் கிள்ளித் தனியாகப் போட்டாள். இந்துஜா ஏதும் கேட்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மாவைப் பற்றி அவளுக்கு அன்று ஏற்பட்டது கோபமா வெட்கமா என்று இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை, இப்போது பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை, ஆனாலும் மூளை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மேசைக்காரிக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

பத்து நாற்பத்தைந்துக்கு எழுந்து முகுந்தனிடம் போனாள். அவர் மடிக்கணினியை மூடாமல், நாற்காலியை மட்டும் திருப்பி, முழுதும் கேட்டார். நல்ல மனிதர்தான், ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இது உன் தவறு மட்டும் இல்லை, பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான், டெஸ்டிங்கிலும் விட்டிருக்கிறார்கள் என்றார். அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. அடுத்து அவர் சொன்னது அவ்வளவு மெதுவாக இருந்ததால் அதுவும் அன்பு மாதிரியே கேட்டது. இன்றைக்கு மீட்டிங்கில் இதை எடுக்க வேண்டாம், முதலில் சரி செய்து அனுப்பிவிடலாம், புதிய வெர்ஷனில் படத்தின் தரம் கூடும் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பதினாலு பேர் என்று அவள் இழுத்தாள். பட்டியல் அவங்க கேட்டாங்க, நாம கொடுத்தோம், என்ன முடிவு எடுக்கறாங்கங்கறது அவங்க விஷயம்மா என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் தலையாட்டினாள். புரியாதபோதும் ஆட்டி, புரிந்தபோதும் ஆட்டிப் பழகிய தலை. திரும்பி நடக்கும்போது அந்தத் தலையாட்டலைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட முடியுமா என்று பார்த்தாள்.

மீட்டிங் சரியாகப் பதினொன்றுக்குத் தொடங்கியது. சின்ன அறையில் முகுந்தனும் அவளும், சுவரில் இருந்த திரையில் டாக்டர் ஹேமலதா, அவருக்குப் பின்னால் ஒரு பீரோ, பீரோவின் மேல் நீலநிறக் கோப்புகள். டாக்டர் களைத்திருந்தார். இந்த ஏழு வாரத்தில் மங்கலாக வந்த படங்களில் முந்நூறுக்கு மேல் தன்னால் ஒரு கருத்தும் எழுத முடியவில்லை என்றார்; அதில் ஒருவருக்குப் போன வாரம் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று, படத்தில் தெரிந்திருந்தால் ஒருவேளை மருந்திலேயே நின்றிருக்கும், தெரியவில்லை என்றார். ஒருவேளை என்ற சொல்லை இந்துஜா பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், அது கையில் நிற்கவில்லை. அந்தக் கால் இன்று காலை அவள் தள்ளிக்கொண்டே போன கால்களில் ஒன்று, கோழிக்கு முன்னாலோ பின்னாலோ. டாக்டர் பட்டியலைப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சின்ன இடைவெளி, முகுந்தன் ம் என்றார். இவர்களுக்கு நன்றி சொல்லி நிறுத்திவிடலாம், திட்ட வேண்டாம், பாவம், கைப்பழக்கம் இல்லை என்றார் டாக்டர். இந்துஜா மனதுக்குள் ஒரு வாக்கியத்தை ஒழுங்குசெய்துகொண்டிருந்தாள், ஒரு தொழில்நுட்பச் சிக்கல் கவனிக்கப்பட்டிருக்கிறது என்று. மழை பெய்திருக்கிறது என்பது போல யாருமே இல்லாத வாக்கியம். நாலாவது பெயர். ஐந்தாவது பெயர். மைக்கை முகுந்தன் தன் பக்கம் வைத்திருந்தார். அவள் அதை இழுத்தபோது மேசையில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்க எல்லாரும் ஒழுங்காத்தான் எடுத்திருக்காங்க டாக்டர். படத்தைச் சின்னதாக்கினது நான். அந்தப் போனுக்கு மட்டும் அப்படி ஆகிற மாதிரி எழுதிட்டேன். நேத்து பட்டியல் கொடுத்ததும் நான்தான்.”

டாக்டர் பட்டியலைக் கீழே வைத்தார். முழுப் படங்கள் எங்காவது இருக்கின்றனவா என்று கேட்டார். இல்லை, அனுப்பியதும் அழித்துவிடும், அதை எழுதியதும் நான்தான் என்றாள். முகுந்தன், நாங்களும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று நடுவில் சொன்னார், தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார், அது அவளுக்குக் கேட்டது. திட்டு வரும் என்று அவள் தோளை இறுக்கி வைத்திருந்தாள். வரவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டே, அப்படியானால் அத்தனை காலையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார், ஆளுக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், எதிரில் கிடக்கிற வேலைக்குச் சொல்கிற மாதிரி. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்களே அந்தப் பதினாலு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க. இங்க இருந்து யாரும் சொல்ல வேண்டாம்,” என்றார். அது தண்டனையா, மரியாதையா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. திரை அணைந்தது. முகுந்தன் அவளைப் பார்க்காமல், ஒரு மணிக்குள்ள பிரிச்சு எழுதிடு, நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புரொபேஷன் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; சொல்லாததில் என்ன இருக்கிறது என்று அவள் தோண்டப் போகவில்லை, இன்றிரவு தோண்டுவாள், அது தெரியும்.

படிக்கட்டில் இறங்கி இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றாள், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும், ஆட்களும் வரமாட்டார்கள். முதல் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆறாவதிலிருந்து தொடங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டாள். எடுத்தாள். எங்கோ ஆடு கத்தியது, யாரோ ஒரு பெண், அப்படியே வெச்சிருங்கம்மா, அசைக்காதீங்க என்று சொல்வது கேட்டது, அதுதான் பூங்கொடி. பிறகு பக்கத்தில் வந்து, சொல்லுங்க மேடம் என்றாள். இந்துஜா சொன்னாள். பெயரைச் சொல்லி, மூன்று வாரத்துக்கு முன்னால் பேசியது நான்தான் என்று சொல்லி, படம் மங்கலானது ஆப்பில் நான் செய்த தவறால், உங்களுடையது எதுவும் இல்லை என்று சொன்னாள். புதிய ஆப் வரும்வரை போன் கேமராவிலேயே நேரடியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னாள். உங்களை நிறுத்தமாட்டார்கள் என்றாள். நிறுத்த இருந்தார்கள் என்பது பூங்கொடிக்குத் தெரியாது என்று அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. 

“அப்ப, கை ஆடலீங்களா?”

“இல்லீங்க அக்கா. உங்க கை ஆடவே இல்லை. நான் தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

பூங்கொடி அந்த மன்னிப்பைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நீங்க சொன்னதுக்கு அப்புறம் எனக்கே ஆடற மாதிரித்தான் இருந்துச்சுங்க, டம்ளர் பிடிச்சாக்கூட அதையே பாத்துக்கிட்டிருப்பேன் என்றாள். வீட்டுக்காரர் இவளை டீ ஊற்ற விடுவதில்லையாம், சிந்தப்போறே வெச்சிரு என்று சிரிப்பாராம். அப்புறம்தான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டினாளாம். கையை நீட்டச் சொன்னார்களாம், நீட்டியிருக்கிறாள், பயத்தில் அங்கே நன்றாகவே ஆடியிருக்கிறது. நரம்பு வீக்கா இருக்கும்னு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க என்றாள்.  பின்னால் யாரோ, ஏம்மா, காலை எடுத்துக்கட்டுமா என்று கேட்டார்கள், பூங்கொடி, இருங்க ஆத்தா, இதோ வந்தர்றேன் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, மறுபடி போனுக்கு வந்தாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று இந்துஜா தேடினாள், இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினாள். இல்லை. அதே பழைய குரல்தான், படித்தவர்களிடம் வழி கேட்கிற குரல்.

“காலையில ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு போடறனுங்க. இன்னும் பத்து நாளைக்கு இருக்குது. நிறுத்திரட்டுங்களா மேடம்?”